'ட்ரை' எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயில்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் வேறொரு கூட்டம். தெருவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், "அக்கா, இதை அனுப்பலாமா, கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். இரண்டு இடத்திலும் நான் அதிகமாகக் கைவைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றே: ட்ரை. 'முயற்சி செய்' என்று அகராதி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மெயிலில் அது அவ்வளவு சாதுவாக நடந்துகொள்வதில்லை.

கோளாறின் வேர் நம் பேச்சில் இருக்கிறது. "செஞ்சு பாரு" என்றும் "செய்யப் பாரு" என்றும் இரண்டு விதமாகச் சொல்லிவந்ததை இப்போது "ட்ரை பண்ணு" என்று ஒன்றாகச் சுருட்டிவிட்டோம். ஆங்கிலத்திலோ அந்த இரண்டும் இரண்டு வேறு அமைப்புகள். பேச்சுத் தமிழில் நாம் தொலைத்த வித்தியாசம்தான் அங்கே போய்த் தப்பாக முளைக்கிறது. அதனால் கீழே பல இடங்களில் 'ட்ரை'யை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். எளிய சோதனை முதலில், மெனக்கெட வேண்டியது கடைசியில். சரியானதும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறிகுறி 1: வழியைச் சரியாகச் சொல்லியும் எதிராளிக்குக் கோபம் வருகிறது

எங்கள் குழுவில் ஒரு தம்பி, இங்கிலாந்தில் இருந்த வயதான வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதினார்: "ப்ளீஸ் ட்ரை டு ரீஸ்டார்ட் த ரவுட்டர்." ரவுட்டரை அணைத்துப் போடக்கூடத் தெரியாதவன் என்று என்னை நினைத்தீர்களா என்கிற தொனியில் பதில் வந்தது. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ப்ளீஸ் எல்லாம் போட்டுத்தானே எழுதினேன் என்றார். அவர் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. 'டு' என்ற சின்னச் சொல்தான் குறை.

முதல் சோதனை: 'ட்ரை' இல்லாமல் தமிழில் சொல்லுங்கள். வாயில் வருவது 'செய்து பார்' என்பதா, 'செய்யப் பார்' என்பதா?

'செய்து பார்' வந்தால், ஆங்கிலத்தில் ட்ரைக்குப் பிறகு 'இங்' சேர்ந்த வினை. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்: "ட்ரை ரீஸ்டார்ட்டிங் த ரவுட்டர்."

'செய்யப் பார்' வந்தால், ட்ரைக்குப் பிறகு 'டு'. சீக்கிரம் வரப் பாருங்கள்: "ட்ரை டு கம் எர்லி."

"கதவைத் திறந்து பார்த்தேன்" என்றால் கதவு திறந்துவிட்டது. உள்ளே ஆள் இருந்தாரா, தேடிய சாவி கிடைத்ததா என்பதுதான் அடுத்த பேச்சு. "கதவைத் திறக்கப் பார்த்தேன்" என்றால் கதவு அனேகமாக இன்னும் மூடியேதான் இருக்கிறது. முதலாவதில் செயல் சுலபம், பலன்தான் தெரியாது. இரண்டாவதில் செயலே பெரும்பாடு. "ட்ரைட் ஓப்பனிங் த டோர்", "ட்ரைட் டு ஓப்பன் த டோர்" இரண்டுக்கும் நடுவே இருப்பதும் இதே வித்தியாசம்தான்.

இன்னும் சந்தேகமா? சாப்பாட்டை வைத்துப் பாருங்கள். வீட்டில் மைசூர் பாக் கிளறி, வந்தவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்து "சாப்பிட்டுப் பாருங்க" என்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு "கொஞ்சமாவது சாப்பிடப் பாரு" என்கிறோம். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லும் தமிழரை நான் பார்த்ததில்லை. விருந்தாளியிடம் "சாப்பிடப் பாருங்க" என்றால் அவர் முகம் எப்படிப் போகும்? அந்த இங்கிலாந்துக்காரர் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

பக்கத்து மேசைக் கன்னடக்காரர் கேட்டால் "மாடி நோடி" என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். ஹிந்திக்காரருக்கு "கர்கே தேகோ". செய்துவிட்டுப் 'பார்க்கும்' வழக்கம் இந்த மொழிகளிலும் இருப்பதால் இந்தச் சோதனை எங்கள் குழுவில் எல்லோருக்குமே பயன்பட்டது.

இரண்டாவது சோதனை: தமிழில் இரண்டு விதமும் பொருந்துகிறதா? "உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், போன் போடப் பார்த்தேன்" என்பது மாதிரி. அப்படியானால் கவலைப்படாமல் ஒன்றைப் போடுங்கள். மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் "ட்ரைட் காலிங்" பொருத்தம், லைனே கிடைக்கவில்லை என்றால் "ட்ரைட் டு கால்" பொருத்தம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். இதைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். வழிமுறை சொல்லும் மெயிலில்தான் வித்தியாசம் உறுத்தும்.

மூன்றாவது சோதனை: அங்கே ட்ரை வேண்டுமா? செய்தே ஆக வேண்டிய, யாருக்கும் சுலபமான வேலை என்றால் ட்ரை எதற்கு? "ப்ளீஸ் ரீஸ்டார்ட் த ரவுட்டர் அண்ட் டெல் மீ வாட் யூ சீ" போதும். நான் திருத்தும் மெயில்களில் பாதி ட்ரையை இந்தக் காரணத்துக்காகவே அடித்துவிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அதே புகார் வந்துகொண்டிருந்தால் கோளாறு உங்களிடம் இல்லை, டெம்ப்ளேட்டில் இருக்கிறது. எங்கள் கதையில் நடந்தது அதுதான். அந்த வரி தம்பி சொந்தமாக எழுதியதே அல்ல; எப்போதோ யாரோ எழுதிவைத்த பதில். குழுவில் எல்லோரும் அதை அனுப்பிக்கொண்டிருந்தோம். டெம்ப்ளேட்டை மாற்றும் அதிகாரம் இருப்பவரிடம் நேரில் போய்க் காட்டுங்கள். சாட்டில் சொன்னால் அடியில் போய்விடும்.

அறிகுறி 2: "சரி, முடிந்ததா இல்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்

நீங்கள் வேலையை முடித்துவிட்டீர்கள். "ஐ ட்ரைட் டு ரீசெட் யுவர் பாஸ்வேர்ட்" என்று எழுதி, பணிவாகச் சொன்ன திருப்தியில் அனுப்பிவிட்டீர்கள். படிப்பவருக்கு அது 'முயன்றேன், நடக்கவில்லை' என்று கேட்கிறது. ட்ரைட் டு என்று இறந்தகாலத்தில் நிறுத்தினால் தோல்வி வாடை அடிக்கும். "பாஸ்வேர்டை மாத்தப் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் நீங்களும் "அப்புறம்?" என்றுதானே கேட்பீர்கள்?

முடிந்த வேலைக்கு ட்ரையைத் தூக்கிவிடுங்கள்: "ஐ ரீசெட் யுவர் பாஸ்வேர்ட்." பாடுபட்டுத்தான் முடித்தீர்கள், அது தெரியவேண்டும் என்றால் "ஐ மேனேஜ்ட் டு" அல்லது "ஐ வாஸ் ஏபிள் டு". இந்த இடத்தில் பலர் 'கேன்' என்பதன் இறந்தகாலமான 'குட்' போடுகிறார்கள். ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு அது பொருந்தாது. "எஸ்டர்டே ஐ குட் ஓப்பன் த ஃபைல்" என்பதைவிட "வாஸ் ஏபிள் டு ஓப்பன்" சரி. முடியவில்லை என்று சொல்ல மட்டும் 'குட் நாட்' தாராளமாகப் போடலாம்.

முடியாத வேலைக்கு ட்ரைட் டு சரிதான், ஆனால் வாக்கியத்தை அங்கே விட்டுவிடாதீர்கள். என்ன தடுத்தது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அதுவும் போதாமல் அதே கேள்வி மூன்றாம் முறை வந்தால் மெயிலை விட்டுவிட்டுப் போனை எடுங்கள்.

அறிகுறி 3: லீவு மெயிலைப் படித்துவிட்டு மேனேஜர் பதறிக்கொண்டு போன் செய்கிறார்

இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், உங்களுக்கு வராத கோளாறாக இருந்தாலும்.

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தியின் அப்பா குளியலறையில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். மணிக்கட்டில் சுளுக்கு. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அரைநாள் லீவு கேட்டு அவள் எழுதியது: "மை ஃபாதர் ட்ரைட் டு ஃபால் இன் த பாத்ரூம்." படித்த மேனேஜர், அப்பா வேண்டுமென்றே விழ முயன்றதாக எடுத்துக்கொண்டு, ஹெச்ஆரையும் சேர்த்துக்கொண்டு போன் செய்துவிட்டார். மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு அவள் அதை விளக்கவேண்டி வந்தது.

அவள் மனசில் இருந்த தமிழ்: "அப்பா விழப் பார்த்தார்." சுத்தமான தமிழ். ஆனால் இந்தப் 'பார்'க்கும் முயற்சிக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் தவறியிருந்தால் விழுந்திருப்பார் என்பதுதான் பொருள். முதல் அறிகுறியில் சொன்ன சோதனைக்கு இது ஒரு கிளைவழி. 'செய்யப் பார்' என்று வந்தவுடன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அவர் அதை வேண்டும் என்று நினைத்தாரா?

நினைத்தார் என்றால் ட்ரைட் டு. நினைக்கவில்லை, தானாக நடக்க இருந்தது என்றால் 'நியர்லி' அல்லது 'ஆல்மோஸ்ட்': "மை ஃபாதர் நியர்லி ஃபெல்." "பஸ்ஸை விடப் பார்த்தேன்" என்பது "ஐ நியர்லி மிஸ்ட் த பஸ்". "மழை வரப் பார்க்குது" என்பதில் மழைக்கு என்ன விருப்பம் இருக்கப்போகிறது? "இட் லுக்ஸ் லைக் ரெய்ன்."

விபத்து, நோய், உயிர் பற்றிய வாக்கியத்தில் இது தவறவே கூடாது. "சாகப் பார்த்தார்" என்று நாம் பிழைத்த நிம்மதியில் சொல்வதை ட்ரைட் டு போட்டு எழுதினால் தற்கொலை முயற்சி என்றுதான் படிப்பார்கள். அப்படி ஒரு மெயில் ஏற்கெனவே போயிருந்தால் திருத்த மெயில் அனுப்பிக்கொண்டிருக்காமல் உடனே போனில் பேசிவிடுங்கள்.

எழுதியதே உண்மை, வீட்டில் ஒருவர் அந்த நிலையில்தான் இருக்கிறார் என்றால் அது இலக்கணச் சிக்கலே இல்லை. உடனடி ஆபத்து இருந்தால் அவரைத் தனியே விடாமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

அறிகுறி 4: சிவப்புக் கோடு, நீலக் கோடு விழுகிறது

எழுத்தையும் இலக்கணத்தையும் சரிபார்க்கும் வசதி சொல்லுக்கு அடியில் போடும் கோடு இது. விழும் கோட்டின் வகை பார்த்துப் பிரியுங்கள்.

எழுத்துப்பிழை என்றால்: ட்ரையின் கடைசி எழுத்து ஒய். எஸ் சேர்ந்தாலும் இ-டி சேர்ந்தாலும் ஒய் போய் ஐ-இ வரும், டி-ஆர்-ஐ-இ-எஸ், டி-ஆர்-ஐ-இ-டி என்று. ஐஎன்ஜி சேரும்போது மட்டும் ஒய் அசையாது. 'க்ரை', 'ட்ரை' என்று ஒலிக்கும் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

வினையின் காலம் தப்பு என்றால்: "ட்ரைட் டு ஓப்பன்ட்", "டிட் நாட் ட்ரைட்", "ட்ரைட் ஓப்பன்ட்" இவற்றில் ஒன்றாக இருக்கும். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 'திறந்து பார்த்தேன்' என்பதில் 'திறந்து' இறந்தகால உருவத்தில்தானே நிற்கிறது? அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இரண்டு வினைக்கும் இறந்தகாலம் பூட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இப்படி ஒன்றையொன்று ஒட்டி வரும் வினைகளுக்கு ஒரு பூட்டுதான். முதலில் வரும் வினை அதை வாங்கிக்கொண்டால் பின்னால் வருவதற்குக் கிடையாது. 'டிட்' வந்துவிட்டால் ட்ரைக்கே கிடையாது: "டிட் நாட் ட்ரை டு ஓப்பன்."

'இல்லை' எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். "ஐ ட்ரைட் நாட் டு டிஸ்டர்ப் யூ" என்றால் உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கப் பார்த்தேன். "ஐ டிட் நாட் ட்ரை டு டிஸ்டர்ப் யூ" என்றால் தொந்தரவு செய்ய நான் முனையவே இல்லை. மன்னிப்பு மெயிலில் முதலாவதுதான் வேண்டும்.

கோடு 'ட்ரை அண்ட்' என்ற இடத்தில் விழுகிறதா? "ஐ வில் ட்ரை அண்ட் கால் யூ" என்று வெளிநாட்டு சகா எழுதியிருந்தால் அது தவறில்லை, பல நூற்றாண்டுகளாகப் பேச்சில் இருப்பது. அவர் மெயிலைத் திருத்தாதீர்கள். நீங்கள் எழுதும்போது டு போட்டுவிடுங்கள், சிக்கலே இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ட்ரை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக இருந்தால்தான் அண்ட் சேரும். ட்ரைஸ், ட்ரைட், ட்ரையிங் மூன்றோடும் சேராது.

"ஐ வில் கிவ் எ ட்ரை" என்ற இடத்தில் விழுந்தால் நடுவே 'இட்' சேருங்கள்: "கிவ் இட் எ ட்ரை."

அறிகுறி 5: பாராட்டி எழுதினேன், அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை

வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மாதத்தில் வரும் கோளாறு. விடாமுயற்சி உள்ள ஒருவரைப் பாராட்ட நினைத்து "ஹி இஸ் எ வெரி ட்ரையிங் பெர்சன்" என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ட்ரையிங் என்பது ஆளை வருணிக்கும் அடைமொழியாக வந்தால் 'பொறுமையைச் சோதிக்கிற' என்று பொருள். "எ ட்ரையிங் டே" என்றால் படாதபாடு பட்ட நாள். நீங்கள் எழுதியது 'இந்த ஆளோடு மாரடிக்க முடியவில்லை' என்று போய்ச் சேர்ந்திருக்கும்.

சோதனை: ட்ரையிங்குக்குப் பக்கத்தில் 'வெரி' மட்டும் நின்றால் அடியுங்கள். 'வெரி ஹார்ட்' என்று நின்றால் பிழைத்தீர்கள்: "ஹி இஸ் ட்ரையிங் வெரி ஹார்ட்" பாராட்டுதான். ஆளைச் சொல்ல 'ஹார்ட்வொர்க்கிங்' இருக்கிறது.

அடுத்து ஹார்டுக்குப் பின்னால் 'லி' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "ஷி ஹார்ட்லி ட்ரைஸ்" என்றால் அவள் முயல்வதே இல்லை. கடுமையாக என்ற பொருளுக்கு ஹார்ட் மட்டுமே, வால் கிடையாது. மற்ற சொற்களில் 'லி' சேர்த்துப் பழகிய கை இங்கேயும் சேர்த்துவிடுகிறது. மெயில் எழுதி முடித்ததும் 'ஹார்ட்லி' என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

அப்ரைசல் படிவம் ஏற்கெனவே போய்ப் பதிவாகிவிட்டதா? அப்படியானால் அந்த ஆளிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டு, படிவத்தைத் திருப்பி அனுப்பித் திறந்து தரும்படி ஹெச்ஆரிடம் கேளுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் இன்னொருவரின் சம்பள உயர்வில் போய் முடியலாம்.

அறிகுறி 6: "ஐ வில் ட்ரை" என்றேன், அவர்கள் செய்வேன் என்று எடுத்துக்கொண்டார்கள்

அல்லது செய்யமாட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் நடக்கும். "பார்க்கலாம்", "பார்க்கிறேன்" என்று நாம் சொல்லும்போது கேட்பவர் நம் குரல், முகம், பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்கிறார். மெயிலில் அவை எதுவும் கூடப் போவதில்லை. மூன்று சொல் மட்டும் போய் நிற்கிறது.

எளிய காரணம், நேரம் சொல்லாமல் விட்டது. "ஐ வில் ட்ரை டு சென்ட் இட் பை ஃபோர், இஃப் ஐ காண்ட், ஐ வில் டெல் யூ பை த்ரீ" என்று எழுதுங்கள். முடியும், முடியாது இரண்டுக்கும் ஒரு மணி சொல்லியாயிற்று, யாருக்கும் குழப்பம் இல்லை.

அடுத்த காரணம், உங்கள் கையில் இல்லாத வேலை. "ஐ வில் ட்ரை" என்றால் நீங்களே செய்யப்போகிறீர்கள் என்று ஆகிறது. வேறொரு குழுவிடம் கேட்கவேண்டும் என்றால் "ஐ வில் ஆஸ்க் தெம்" என்பதுதான் உண்மை. உண்மையை எழுதுங்கள்.

கடைசிக் காரணம்தான் ஆழமானது. முடியாது என்று தெரிந்தே, மறுக்க வாய் வராமல் ட்ரை போட்டிருப்பீர்கள். ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எனக்கு அந்த மெயிலைக் காட்டினான். மறுநாள் காலையில் ஓசூரில் அவன் தங்கை நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டவருக்கு "ஷ்யூர், ஐ வில் ட்ரை" என்று எழுதிவைத்திருந்தான். "செய்வியா?" என்றேன். "எப்படிக்கா முடியும்?" என்றான். அதை அழித்துவிட்டு, ஞாயிறு முடியாது, திங்கள் மதியம் தருகிறேன் என்று இரண்டு வரி எழுதவைத்தேன். "தாங்க்ஸ், மண்டே இஸ் ஃபைன்" என்று பதில் வந்தது. திங்கள் போதும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, கேட்டால்தானே தெரியும்.

வாராவாரம் இதே நிலை, மறுத்தால் வேலைக்கே ஆபத்து என்றால் எந்த வாக்கியத்தை மாற்றியும் பயன் இல்லை. மேனேஜரோடு உட்கார்ந்து வேலைப்பளுவைப் பேசவேண்டிய கட்டம் அது.

அறிகுறி 7: ஒட்டுச்சொல் இல்லாமல் பொருள் மாறிவிடுகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்க 'ட்ரை ஆன்'. வேலைக்கோ சீட்டுக்கோ முயன்றால் 'ட்ரை ஃபார்'. ஒரு மென்பொருளையோ ஆளையோ கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தால் 'ட்ரை அவுட்'.

கல்யாணமானவர்கள் "வி ஆர் ட்ரையிங்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆங்கிலத்தில் குழந்தைக்காக என்று எடுத்துக்கொள்வார்கள். வீடு தேடுவதைச் சொல்ல வந்தவர்கள் 'டு ஃபைண்ட் எ ஹவுஸ்' என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

"த்ரீ கேண்டிடேட்ஸ் வேர் ட்ரைட்" என்று செயப்பாட்டில் எழுதினால் மூன்று பேர் மேலும் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது என்று ஆகும். இந்தச் சொல் பழைய பிரெஞ்சில் சலித்துப் பிரிப்பது என்ற பொருளில் இருந்து வந்தது. அதனால்தான் வழக்கு விசாரணைக்கும் இதுவே நிற்கிறது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நோயாளிகளை வகைபிரிக்கும் 'ட்ரையாஜ்' அதே வேர்தான். விசாவுக்கோ பின்னணிச் சோதனைக்கோ வந்த படிவத்தில் "ஹேவ் யூ எவர் பீன் ட்ரைட்" என்று கேட்டிருந்தால் முயற்சியைக் கேட்கவில்லை, வழக்கைக் கேட்கிறார்கள். உங்கள் பேரில் சின்ன வழக்கு ஏதாவது இருந்து முடிந்திருந்தாலும் அந்தக் கட்டத்தை நீங்களாக நிரப்பவேண்டாம். ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

அறிகுறி 8: போனில் 'ட்ரை' என்றால் காயவைக்கச் சொல்வதாகக் கேட்கிறது

ஒரு அழைப்பின் பதிவில் கேட்டது. "ட்ரை த அதர் கேபிள்" என்று நம் பெண் சொல்கிறாள். மறுமுனையில் சற்று மௌனம், பிறகு துணியால் துடைக்கிற சத்தம், "இட் வாஸ் நாட் வெட்" என்கிறார் அந்த அம்மாள். முயன்று பார் என்பதையும் காயவை என்பதையும் தமிழில் 'ட்ரை' என்று ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். எழுத்து ஒன்றாக இருப்பதால் நாக்கும் ஒன்றாகவே போகிறது.

எளிய சோதனை: நாளிதழில் இருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். முயற்சி ட்ரை சொல்லும்போது துண்டு படக்கென்று அசையவேண்டும். காயவைக்கும் ட்ரைக்கு அவ்வளவாக அசையாது, தொண்டையில் கைவைத்தால் அதிர்வு முன்னதாகவே தொடங்கும்.

துண்டு அசையவில்லையா? உதட்டைக் கொஞ்சம் குவித்துக்கொண்டு 'ச்ரை' என்பதற்குப் பக்கமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் பேசுபவர்கள் வாயில் அது அப்படித்தான் வருகிறது. காயவைக்கும் ட்ரை 'ஜ்ரை'க்குப் பக்கம். நான் கற்றுக்கொடுத்ததிலேயே சீக்கிரம் பலன் தந்தது இதுதான்.

அழைப்புக்கு நடுவே பழக நேரம் இல்லை என்றால் சொல்லை மாற்றிவிடுங்கள். "ப்ளக் இன் த அதர் கேபிள் அண்ட் சீ." சில வாரம் பழகியும் பிடிபடவில்லை, வேலையே போனில்தான் என்றால் குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் நேரில் போவது நல்லது. பதிவைக் கேட்டு நாமாகத் திருத்திக்கொள்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

அறிகுறி 9: ட்ரை சாதாரணமாக இருக்கிறதே என்று பெரிய சொல் போட்டேன், சிக்கல் பெரிதானது

'அட்டெம்ப்ட்' போட்டிருந்தால்: ட்ரைட் டு-வில் இருந்த தோல்வி வாடை இதில் இன்னும் கூடுதல். கொலை முயற்சி வழக்கில் வரும் சொல் இதுதான். தேர்வுத் தாளில் "அட்டெம்ப்ட் எனி ஃபைவ்" என்பது விடை எழுதச் சொல்வது. எத்தனை முறை தேர்வு எழுதலாம் என்ற கணக்கும் அட்டெம்ப்ட்தான். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 6. வாடிக்கையாளர் மெயிலில் ட்ரையே நல்லது.

'ஸ்ட்ரைவ்' போட்டிருந்தால்: இது நீண்டகாலப் பாடுபடுதல். நிறுவனத்தின் லட்சிய வாக்கியத்தில் பொருந்தும், பாஸ்வேர்ட் மாற்றுவதற்குப் பொருந்தாது. இறந்தகாலம் 'ஸ்ட்ரோவ்', 'ஹேவ்' உடன் 'ஸ்ட்ரிவன்'.

'எண்டெவர்' போட்டிருந்தால்: முதலில் எழுத்து. பிரிட்டிஷ் வழக்கில் கடைசியில் ஓ-யு-ஆர், அமெரிக்க வழக்கில் ஓ-ஆர். 1992இல் முதன்முதலில் பறந்த எண்டெவர் விண்கலம் அமெரிக்காவுடையதாக இருந்தும் யு போட்டே எழுதப்பட்டது, கேப்டன் குக்கின் கப்பல் பெயரை வைத்ததால். உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரரோ அவர் வழக்கைப் பின்பற்றுங்கள். மெயில் என்றால் அத்தோடு சரி.

அந்தச் சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கதை வேறு. சிவாஜிநகரில் உள்அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஓர் அண்ணன், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலக வேலைக்கு வந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். "ஷல் யூஸ் இட்ஸ் பெஸ்ட் எண்டெவர்ஸ் டு கம்ப்ளீட்" என்று தேதியோடு ஒரு வரி. "முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்றேன்னுதானேம்மா போட்டிருக்கு? கையெழுத்துப் போட்டுடலாம்ல?" என்றார்.

நாம் வாயால் சொல்லும் 'முடிந்தவரை' அல்ல அது. ஆங்கிலேயச் சட்ட வழக்கில் இதற்கு ஏணி மாதிரி படிகள் உண்டு. 'ரீசனபிள் எண்டெவர்ஸ்' கீழ்ப்படி, 'ஆல் ரீசனபிள்' நடுப்படி, 'பெஸ்ட்' மேல்படி. மேல்படிக்கு ஒப்புக்கொண்டவர் தன் வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கைக்காசு போட்டும் செய்யவேண்டி வரலாம். முயன்றேன் என்று சொன்னால் போதாது, என்ன செய்தேன் என்று காட்டவேண்டியிருக்கும். அமெரிக்க ஒப்பந்தங்களில் எண்டெவர்ஸுக்குப் பதில் 'எஃபர்ட்ஸ்' இருக்கும், அங்கேயும் சொல் மாறினால் பொறுப்பு மாறலாம்.

பதினொரு வருடத்தில் எத்தனையோ ட்ரையை அடித்து எழுதியிருக்கிறேன், அந்த வரியில் மட்டும் பென்சில் வைக்கவில்லை. அதன்கீழ் ஒரு கோடு போட்டு, ஒப்பந்தங்கள் பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள் அண்ணா, அதுவரை கையெழுத்து வேண்டாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.